வாந்தியில் வெளியேறிய சாபங்கள்

சனிக்கிழமை காலையில் எங்கள் சாந்தியாகோ நகரத்தில் ஒருவர் வாந்தி எடுத்தால், சுற்றி நின்றவர்கள் அவருக்குக் கைகுலுக்கி வாழ்த்துச் சொன்ன காலம் ஒன்று இருந்தது. ரொம்பப் பழைய கதை அல்ல. போன வருஷம்தான்.

இடம், ஏற்றுமதி வளாகத்தின் பின் கேட்டை ஒட்டிய ஒரு தகரக் கொட்டகை. முன்பு அங்கே டயருக்குப் பஞ்சர் ஒட்டினார்கள். இப்போது ஆன்மாவுக்கு ஒட்டினார்கள். வாசலில் வரிசை தெருமுனை வரை நிற்கும். வரிசையில் நிற்பவர்களுக்கு வாழைக்காய் வறுவலும் பன்றித்தோல் பொரியலும் விற்க நாலு வண்டிகள் வந்துவிடும். உள்ளே போய் வாந்தி எடுப்பதற்கு முன்னால் வயிற்றில் ஏதாவது இருக்க வேண்டுமே!

கொட்டகையின் சொந்தக்காரர் பெயர் மில்சியாதெஸ். தீர்க்கதரிசி மில்சியாதெஸ் என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் வரிசையில் நிற்கிறவர்கள் முறைப்பார்கள். வெள்ளை உடை, வெள்ளைத் தொப்பி, வெள்ளை ஷூ. ஏழு ஆறுகளில் குளித்து எழுந்தவராம். எந்தச் சாபமும் அவர் மேல் ஒட்டாதாம். அழுக்கு ஒட்டுவதை ஷூவிலேயே பார்த்தோம். சாபத்தைப் பற்றி நமக்கென்ன தெரியும்?

அவருடைய வாடிக்கையாளர்கள் யார் என்றால், நாங்கள்தான். கால் சென்டர்காரர்கள். காதில் மைக்கை மாட்டிக்கொண்டு, இரண்டு திரைகளை வெறித்தபடி, நாள் முழுக்க அமெரிக்காக்காரர்களிடம் திட்டு வாங்கிப் பிழைக்கிறவர்கள். அவர்கள் வீட்டில் இன்டர்நெட் நின்றால் எங்கள் தாயாரைப் பற்றிப் பேசுவார்கள். மாலையில் வெளியே வரும்போது கண் எரியும், கழுத்துப் பிடித்துக்கொள்ளும், தலை விண்விண் என்று தெறிக்கும். இமைக்க மறந்து திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தால் எருமைக்குக்கூடக் கண் எரியும். ஆனால் எருமை அதற்காகத் தீர்க்கதரிசியிடம் போகாது. நாங்கள் போனோம்.

"பிள்ளைகளா," என்பார் மில்சியாதெஸ், "போன்ல ஒருத்தன் ‘நாசமாப் போ’ன்னு கத்துறானே, அந்தச் சாபம் எங்க போகுதுன்னு நினைக்கிறீங்க? காத்துல கரைஞ்சிடுமா? உங்க முன்னாடி இருக்கிற திரை வழியா வருது. கண்ணு வழியா உள்ள இறங்குது. அங்கேயே உக்காந்துக்குது. அதான் எரியுது!"

"இங்கிலீஷ்ல திட்டினாலும் நமக்குப் பலிக்குமா ஐயா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"இங்கிலீஷ் சாபத்துக்குத்தான் மகளே பவர் ஜாஸ்தி."

எல்லோரும் தலையாட்டினோம். டாலருக்கு மதிப்பு அதிகம் என்றால் டாலர் தேசத்துச் சாபத்துக்கும் அதிகமாகத்தானே இருக்கும்!

சாபத்தை எடுக்க அவர் வைத்திருந்த கருவியின் பெயர் ‘சாந்தா லூசியாவின் கண்’. கண்களைக் காக்கிற புனிதையின் பெயர் அது. பார்த்தால் நீச்சல்காரர் மாட்டுகிற கண்ணாடியை ஊதிப் பெரிதாக்கியது போல இருக்கும். கடைவீதியில் பிள்ளைகள் மாட்டிக்கொண்டு விளையாடுகிற அதே வி.ஆர். ஹெட்செட்தான். ஆனால் இதன் முகப்பில் புனிதையின் படம் ஒட்டியிருந்தது. பட்டையில் ஜெபமாலை சுற்றியிருந்தது. அதனால் இது விளையாட்டுச் சாமான் அல்ல.

உட்கார்ந்தவர் தலையில் அதை மாட்டுவார். உள்ளே ஒரு படகு. கடல் கொந்தளிக்கும். படகு செங்குத்தாக ஏறும், தலைகுப்புற இறங்கும், பம்பரமாய்ச் சுற்றும். "அதுதான் உன் ஆத்மா! அலையெல்லாம் சாபம்! விடாதே, கண்ணை மூடாதே, பாரு, பாரு!" என்று தீர்க்கதரிசி காதருகே முழங்குவார். கொஞ்ச நேரத்தில் உட்கார்ந்தவருக்கு வியர்க்கும். எச்சில் ஊறும். அப்புறம் நீல வாளி.

"போயிருச்சு!" என்று கத்துவார் மில்சியாதெஸ். "போயிருச்சு!" என்று கூட்டம் கத்தும்.

அதிகம் எடுத்தவருக்கு அதிக மரியாதை. எங்கள் பிரிவு யுனியோர் இதில் பெரிய சாதனையாளன். கண்ணாடி போட்ட, அன்பான, தடித்த பையன். வாளி கொள்ளாமல் எடுத்தான் என்று அவனுக்கு ‘சுத்தமானவன்’ என்று எழுதிய ரிப்பனைத் தீர்க்கதரிசியே சட்டையில் குத்திவிட்டார். அந்த ரிப்பனோடேயே அவன் வேலைக்கும் வந்தான்.

இதோடு விட்டிருந்தால் ஊர் கொஞ்சம் நாறியிருக்கும், அவ்வளவுதான். ஆனால் அவர் விடவில்லை. "உனக்கும் புனிதைக்கும் நடுவுல எதுக்கு ஒரு சுவர்?" என்று மூக்குக் கண்ணாடிகளைக் கழற்றச் சொன்னார். மருந்துகளை நிறுத்தச் சொன்னார். அதற்குப் பதில் தான் மந்திரித்த தண்ணீரை, அவர் சொன்ன விலையில், கண்ணில் விடச் சொன்னார். புனிதையின் சிலைக்கு முன்னால் கழற்றிப் போட்ட கண்ணாடிகள் குவிந்துகொண்டே போயின. வேலையிடத்தில் நாங்கள் திரைக்கு ரொம்பப் பக்கத்தில் மூக்கை வைத்துக்கொண்டு தப்புத்தப்பாய் அடித்தோம். யுனியோர் டெக்சாஸில் ஒருவருக்குத் தர வேண்டிய இணைப்பைத் தவறுதலாய் ஒரு சவ அடக்க நிலையத்துக்குக் கொடுத்தான். அதற்கும் திட்டு வாங்கினான். அந்தத் திட்டை எடுக்க மறுபடி வாளிக்குப் போனான். நல்ல வியாபாரம்!

நெரெய்தாவும் அவள் புருஷன் ரதாமெஸும் எங்களோடு வேலை பார்த்தவர்கள். அவள் கருவிக் கோளாறுப் பிரிவு. போன் செய்பவரின் பெட்டி ஏன் ஓடவில்லை என்று கண்டுபிடித்துச் சொல்வது வேலை. அவன் பில் பிரிவு. அவனுக்கு இள வயதிலேயே கண்ணில் அழுத்த நோய். வலிக்காது, எரியாது, சத்தமில்லாமல் பார்வையை ஓரத்திலிருந்து தின்றுகொண்டே வரும். தினமும் படுக்கும்முன் சொட்டு மருந்து விட்டால் அடங்கியிருக்கும். அவன் அப்பா அந்த நோயில்தான் பார்வை இழந்தார்.

அந்த ரதாமெஸ் சொட்டு மருந்தை நிறுத்தினான். மனைவியிடம் சொல்லவில்லை. குளியலறை அலமாரியில் மருந்து புட்டி அப்படியே இருந்தது. பக்கத்தில் மந்திரத் தண்ணீர் மட்டும் குறைந்துகொண்டு வந்தது.

ஒரு நாள் மாலை பள்ளியிலிருந்து மகள் யோகாஸ்தாவைப் பைக்கில் ஏற்றி வந்தவன், தெரு ஓரம் நின்றிருந்த பழ வண்டியின் மேல் நேராகப் போய் மோதினான். வண்டி ஒன்றும் சின்னது இல்லை. வெளிச்சமும் நன்றாகவே இருந்தது. அன்னாசியும் பப்பாளியும் தெருவெல்லாம் உருண்டன. பிள்ளை முழங்கையையும் முகவாயையும் தேய்த்துக்கொண்டு விழுந்தாள்.

"குருடா!" என்று பழக்காரி கத்தினாள். "மஞ்சக் குடை விரிச்சு நிக்கிறேன், தெரியலையா?"

"எங்கருந்து வந்த நீ?" என்று திருப்பிக் கேட்டான் ரதாமெஸ். உண்மையாகவே கேட்டான். அவனுக்கு அந்த இடது பக்கத்தில் வண்டியும் இல்லை, குடையும் இல்லை, தெருவே இல்லை.

வீட்டில் பிள்ளையின் காயத்தைத் துடைத்துக்கொண்டிருந்த நெரெய்தா, தலை நிமிராமல் கேட்டாள்.

"மருந்து விடுறியா?"

"விடுறேன்."

"எந்த மருந்து?"

அவன் பிள்ளையின் பையை எடுத்து ஓரமாக வைத்தான்.

"ரதாமெஸ், எந்த மருந்துன்னு கேட்டேன்."

"டாக்டர் மருந்துல எரிச்சல்தான் மிச்சம். இவர் தண்ணி குளுகுளுன்னு இருக்கு."

"குழாய்த் தண்ணி குளுகுளுன்னுதான்யா இருக்கும்! உங்க அப்பா சுவரைத் தடவித் தடவிக் கக்கூஸுக்குப் போனதைப் பார்த்தவன்தானே நீ?"

"அதுக்குத்தான் பயந்தேன்!" என்று அவன் வெடித்தான். "டாக்டரம்மா என்ன சொல்றா? சாகிற வரைக்கும் விடணும், குணமாகாதுங்கிறா. இவரு குணமாகும்கிறாரு. நீயா இருந்தா யார்கிட்ட போவ?"

நெரெய்தாவுக்கு அவன் மேல் இருந்த கோபம் அந்த இடத்தில் கொஞ்சம் கலங்கிவிட்டது. மறுநாள் அவனைக் கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் மாகலி கண் அழுத்தத்தை அளந்து பார்த்துவிட்டு, திட்டக்கூட இல்லை. பேனாவை மேசை மேல் வைத்துவிட்டாள். அது திட்டை விட மோசமாக இருந்தது.

"இன்னைக்கே மருந்தை ஆரம்பிக்கணும். போன பார்வை திரும்பாது. இருக்கிறதைக் காப்பாத்தலாம். எவ்வளவு போயிருக்குன்னு அடுத்த தடவை சோதிச்சுப் பார்ப்போம்."

மில்சியாதெஸிடமும் இந்தச் சேதி போயிற்று. அவரிடம் எதற்கும் பதில் உண்டு. "இடது பக்கத்துச் சாபம் கிளம்பும்போது கொஞ்சம் இழுத்துப் பார்க்கும், மகனே. லூசியா திருநாளுக்கு வா. அடியோட எடுத்துடுறேன்."

ரதாமெஸ் மருந்தையும் கண்ணில் விட்டுக்கொண்டான், திருநாளுக்கும் கிளம்பினான். இரண்டு படகில் கால் வைக்கிற புத்திசாலித்தனம். நெரெய்தா தடுக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, "வா, நானும் வரேன்" என்றாள்.

திருநாளன்று கொட்டகை தாங்கவில்லை. மேளம், மெழுகுவத்தி, பொரியல் வாசனை, நீல வாளிகள் புதிதாய் ஒரு அடுக்கு. பக்கத்துப் பள்ளியிலிருந்து கன்னியாஸ்திரி எதுவிஹெஸ்கூட வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். புனிதையின் பெயரைச் சொல்லி என்ன நடக்கிறது என்று பார்க்க வந்தவர் அவர். முகத்தைப் பார்த்தால் பிடித்ததாகத் தெரியவில்லை.

ரதாமெஸின் முறை வந்தது. நெரெய்தா எழுந்தாள்.

"ஐயா, ஒரு சந்தேகம்."

"கேளு மகளே. லூசியா முன்னாடி சந்தேகம் பாவமில்லை."

"சாபம் இருந்தாத்தானே வாந்தி வரும்?"

"ஆமா."

"சாபம் போனவனுக்கு வராது?"

"வராது."

"அப்ப யுனியோரை முதல்ல உக்கார வைங்க. நீங்களே ரிப்பன் குத்தினவன். நேத்து முழுக்க லீவு வேற. யாரும் அவனைத் திட்டலை."

யுனியோர் பெருமையோடு வந்து உட்கார்ந்தான். தன் சுத்தத்தில் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை. படகு ஏறிற்று, இறங்கிற்று, சுற்றிற்று. யுனியோர் ரிப்பன் மேலேயே எடுத்தான்.

கூட்டம் கத்த வாயைத் திறந்து, கத்தலாமா கூடாதா என்று தெரியாமல் மூடிக்கொண்டது.

"வீட்டுல அவன் மாமியார் திட்டியிருப்பா" என்றார் தீர்க்கதரிசி.

"எனக்குக் கல்யாணமே ஆகலையே ஐயா" என்றான் யுனியோர், வாளிக்குள்ளிருந்து.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். மில்சியாதெஸின் கழுத்து சிவந்தது. நெரெய்தா ஹெட்செட்டை வாங்கி, வியர்வையும் மற்றதும் போகத் தன் கைக்குட்டையால் பொறுமையாகத் துடைத்தாள். நன்றாகத் துடைத்தாள். ஓரமெல்லாம் துடைத்தாள்.

"சரி, யார்கிட்டதான் சாபம் இல்லை? ஏழு ஆத்துல குளிச்சவர் ஒருத்தர் இருக்காரே. நீங்க ஒரு தடவை மாட்டிக்குங்க ஐயா. உங்களுக்கு வாந்தி வரலைன்னா நான் எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேட்டு, என் புருஷனை உங்ககிட்டயே விட்டுட்டுப் போறேன்."

"லூசியாவின் கண் நோயாளிக்கு, எனக்கில்லை."

இத்தனை மாதத்தில் அவர் அதை ஒருமுறைகூட மாட்டி நாங்கள் பார்த்ததில்லை. அதை யோசிக்கக்கூட எங்களுக்கு இன்னொருத்தி வேண்டியிருந்தது.

அவரை மாட்டிவிட்டவர்கள் பகைவர்கள் அல்ல. பக்தர்கள். "மாட்டுங்க ஐயா! அவ வாயை அடைங்க!" என்று நாலா பக்கமும் குரல். யுனியோரே எழுந்து அவர் தோளைப் பிடித்து அன்போடு நாற்காலியில் அமுக்கினான். அன்பில்தான் எத்தனை பலம்!

ஹெட்செட் தீர்க்கதரிசியின் தலையில் ஏறியது. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. அவர் அசையவில்லை. வியர்க்கவில்லை. மெல்ல ஒரு புன்னகை விரிந்தது. கைகளை உயர்த்தினார்.

"பார்க்கிறேன்... பிள்ளைகளா, பார்க்கிறேன்! கடல் எனக்குப் பணியுது. அலையெல்லாம் படுத்துடுச்சு. படகு மேல லூசியா நிக்கிறா. கையில வெள்ளித் தட்டு, சுத்தித் தங்க வெளிச்சம்... என்னைப் பார்த்துச் சிரிக்கிறா!"

கொட்டகை அதிர்ந்தது. அழுதார்கள். ரதாமெஸ் மனைவியைப் பார்த்த பார்வையில் ‘போதுமா?’ என்று இருந்தது. மில்சியாதெஸ் ஹெட்செட்டைக் கழற்றி, வெற்றி வீரனாய் எழுந்து நின்றார்.

நெரெய்தா அதை வாங்கி நேராகக் கன்னியாஸ்திரியிடம் நீட்டினாள்.

"சிஸ்டர், நீங்க ஒரு தடவை பாருங்க. லூசியா இன்னும் நிக்கிறாளா?"

எதுவிஹெஸ் மாட்டிக்கொண்டார். அப்படியும் இப்படியும் தலையைத் திருப்பினார்.

"என்னம்மா இது, கும்மிருட்டா இருக்கு! கோழிக் கூண்டுக்குள்ள தலையை விட்டாகூட இதைவிட வெளிச்சமா இருக்கும்."

"இருட்டாத்தான் இருக்கும் சிஸ்டர். துடைக்கும்போதே நான் அணைச்சுட்டேன்."

"ஆமா!" என்றார் எதுவிஹெஸ், கழற்றிக்கொண்டே. "இந்த ஓரத்துல வெளிச்சப் புள்ளி அணைஞ்சதை நானும் பார்த்தேன். துடைக்கிறப்போ கை பட்டிருச்சு போலன்னு நினைச்சேன்."

கொட்டகையில் அத்தனை தலைகளும் தீர்க்கதரிசியின் பக்கம் திரும்பின.

ஆனால் மில்சியாதெஸ் லேசான ஆள் இல்லை. நிமிர்ந்து நின்று முழங்கினார்: "சாந்தா லூசியாவுக்கு பேட்டரி எதுக்கு? என் கண்ணுக்கு அவ கரண்டு இல்லாமலே தெரிவா!"

நம்புவீர்களோ மாட்டீர்களோ, பாதிப் பேர் ‘ஆமென்’ என்றார்கள்.

"நல்லது" என்றாள் நெரெய்தா. "யுனியோர், உக்காரு. அணைஞ்சபடியே மாட்டிக்கோ."

யுனியோர் உட்கார்ந்தான். தீர்க்கதரிசியின் ஜெபம் முழுவதும் ஓடி முடிந்தது. யுனியோர் கொட்டாவி விட்டான்.

"வாந்தி வருதா?"

"இல்லை. பசிக்குது."

"லூசியாவுக்கு பேட்டரி வேண்டாம், வாந்திக்கு மட்டும் வேணுமா ஐயா?"

அவ்வளவுதான். சிரிப்பு முன்வரிசையில் பிடித்துக் கடைசி வரிசை வரை எரிந்தது. நெரெய்தா சிரிக்கவில்லை. கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"கொன்ஸ்தான்ஸா மலைக்கு பஸ்ல போயிருக்கீங்களா? போற வழியில போனை நோண்டினா என்ன ஆகும்? அதேதான் இது. கண்ணு ‘படகு சுத்துது’ங்குது. காதுக்குள்ள நிதானம் பார்க்கிற உறுப்பு ‘நாற்காலியில சும்மாதான் உக்காந்திருக்கோம்’ங்குது. ரெண்டும் சண்டை போட்டா வயிறு புரளும். எனக்கும் வரும், உனக்கும் வரும், இந்த ஆளுக்கும் வரும். அதான் இந்த ஆள் மாட்டவே மாட்டேன்னான். உங்க கண்ணு எரியறது நாள் முழுக்க இமைக்காம திரையைப் பார்க்கறதால. இதுல சாபம் எங்கய்யா இருக்கு?"

அடுத்து நடந்ததை வரலாறு என்று சொல்ல முடியாது; கூத்து. எல்லோரும் சிலைக்கு முன் குவிந்திருந்த கண்ணாடிகள் மேல் பாய்ந்தார்கள். எந்தக் கண்ணாடி யாருடையது என்று கண்ணாடி இல்லாமல் எப்படித் தெரியும்? ஒருத்தர் மூக்கில் ஒருத்தர் கண்ணாடி. இந்தக் களேபரத்தில் மில்சியாதெஸ் பின்வாசல் வழியாக நழுவினார். "பிடி, வெள்ளைச் சட்டை!" என்று ஒரு கும்பல் துரத்தி, வெள்ளைச் சட்டை போட்டிருந்த வறுவல் வண்டிக்காரரைப் பிடித்துப் போட்டு அமுக்கியது. அந்த மனுஷன் பாவம், பன்றித்தோல் பொரித்ததைத் தவிர வேறு தப்புச் செய்யாதவர். தீர்க்கதரிசியைக் கடைசியில் நிறுத்தியது, திருநாள் வியாபாரத்துக்கு வந்து நின்ற அந்தப் பழக்காரிதான். அவளுக்குப் பார்வை நன்றாக இருந்தது. வண்டியைக் குறுக்கே தள்ளினாள். போலீஸ் வந்தபோது ஏழு ஆற்றில் குளித்தவர் பப்பாளியில் குளித்திருந்தார்.

ரதாமெஸ் மட்டும் கொட்டகைக்குள்ளேயே நின்றான். அவனுக்குப் பொறுக்கி எடுக்கக் கண்ணாடி எதுவும் இல்லை. அவன் அங்கே தொலைத்தது வேறு.

சில நாள் கழித்து ஆஸ்பத்திரியில் டாக்டர் மாகலி அவனை ஓர் அறைக்குள் உட்கார வைத்து, அலமாரியிலிருந்து ஒரு ஹெட்செட்டை எடுத்தாள். ரதாமெஸ் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தான்.

"ஐயோ! இதையா? வாளி எங்க?"

"வாளி எதுக்கு? இதுல எதுவும் சுத்தாது" என்று டாக்டர் சிரித்தாள். "பார்வை எவ்வளவு அகலமா இருக்குன்னு அளக்கிறதுக்கு நாங்க இதைத்தான் வெச்சிருக்கோம். நடுவுல இருக்கிற புள்ளியையே பாருங்க. ஓரங்கள்ல சின்னச் சின்ன வெளிச்சம் வரும். தெரியும்போதெல்லாம் இந்தப் பொத்தானை அழுத்துங்க."

அவனுக்கு எப்போது எங்கே வெளிச்சம் வருகிறது என்பது மேசை மேலிருந்த திரையில் தெரிந்தது. நெரெய்தா அதைப் பார்த்தபடி நின்றாள். வலது பக்கம் ஒரு வெளிச்சம்: அழுத்தினான். மேலே: அழுத்தினான். வலது பக்கம் கீழே: அழுத்தினான். இடது பக்கம் ஒன்று வந்து மறைந்தது. அவன் விரல் சும்மா இருந்தது. இடது பக்கம் இன்னொன்று. இன்னும் பிரகாசமாய் இன்னொன்று. விரல் பொறுமையாகக் காத்துக்கொண்டிருந்தது.

"என்ன, நிறுத்திட்டீங்களா டாக்டர்?" என்று கேட்டான் ரதாமெஸ். "வெளிச்சமே வரலையே."

நெரெய்தா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இருக்கிற பார்வை இப்போது மருந்தால் நிற்கிறது. போனது போனதுதான். நடக்கும்போது யோகாஸ்தா அப்பாவின் இடது பக்கம் வந்து கையைப் பிடித்துக்கொள்கிறாள். பைக்கை விற்றுவிட்டார்கள்.

மில்சியாதெஸ் ஜாமீனில் வந்துவிட்டதாகக் கேள்வி. கடற்கரைப் பக்கம் எங்கோ ஊரில், முதுகுவலிக்குக் காந்தக் கட்டில் வைத்திருக்கிறாராம். வரிசை தெருமுனை வரை நிற்கிறதாம். வரிசையில் நிற்கப் போகிறவர்களுக்கு ஒரே ஒரு விண்ணப்பம்: கட்டிலில் முதலில் அந்த ஆளைப் படுக்கச் சொல்லுங்கள். அதைக் கேட்க டாக்டர் பட்டம் வேண்டாம், முதுகெலும்பு இருந்தால் போதும். அதுவும் இல்லாதவர்கள் முதுகுவலிக்கு ஏன் பயப்படுகிறீர்கள்?